கருப்பைவாய்: 'வாய்' விழுந்தால் நோயே மாறிவிடும்

போன மாதம் எங்கள் பகுதியில் நடந்த ஒரு முகாமின் துண்டறிக்கையில் 'கருப்பைப் புற்றுநோய்க்கு இலவசப் பரிசோதனை' என்று அச்சடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 68 வயது. படித்துக் காட்டினேன். "எனக்குத்தான் கர்ப்பப்பையையே எடுத்தாச்சே, நான் எதுக்கு வரணும்?" என்றார். அவருடைய பழைய டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தால், எடுத்தது கருப்பையின் உடற்பகுதியை மட்டும். அதன் கீழ்முனையான வாயை அப்படியே விட்டிருக்கிறார்கள். முகாமில் சோதிப்பதோ அந்த வாயைத்தான்.

கருப்பைவாயை ஆங்கிலத்தில் செர்விக்ஸ் என்கிறார்கள். அது லத்தீன் சொல், பொருள் கழுத்து. கழுத்தெலும்புத் தேய்மானத்தையும் 'செர்விகல்' என்பது அதனால்தான். சொற்பிறப்பு இவ்வளவே.

இதைப் பிடித்துக்கொண்டு சிலர் 'கருப்பைக் கழுத்து' என்றே எழுத வேண்டும் என்று வாதிடுகிறார்கள். மூலத்துக்கு நேர்மையாம். உறுப்பின் வடிவத்துக்கு அது பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் லத்தீன்காரர் கழுத்தைப் பார்த்தார் என்பதற்காக நாமும் கழுத்தைத்தான் பார்க்க வேண்டுமா? குடத்துக்குக் கழுத்தும் உண்டு, வாயும் உண்டு. தமிழில் திறப்பு உள்ள இடமெல்லாம் வாய்: குடத்து வாய், புண்ணின் வாய், கணவாய், வாயில். அந்த லத்தீனிலேயே இவ்வுறுப்பின் துளைக்கு 'வாய்' என்ற பொருள்படும் 'ஆஸ்' என்ற சொல்தான் இருக்கிறது. மருத்துவச்சி முதல் நர்ஸ் வரை எல்லாரும் சொல்வதும் கர்ப்பப்பை வாய்தான். கழுத்து என்று எழுதினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன்: ஒரு மொழிபெயர்ப்பில் முன்னொட்டும் கழன்று 'கழுத்துப் புற்றுநோய்' என்றே வந்திருந்தது. கர்ப்பப்பையா கருப்பையா என்றால் என் ஓட்டு கருப்பைக்கு. 'கரு' நம் சொல், போதும். ஆனால் அதற்காக யாரோடும் மல்லுக்கு நிற்க மாட்டேன்.

வாயை விழுங்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை. கருப்பைப் புற்றுநோய் என்பது வேறு நோய். பெரும்பாலும் கருப்பையின் உட்சுவரில், மாதவிடாய் நின்ற பிறகு வருவது; ஈஸ்ட்ரோஜன் மிகுதி, உடல் பருமன் போன்றவை அதற்குக் காரணங்கள். கருப்பைவாயில் வருவதற்குக் கிட்டத்தட்ட எப்போதும் எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம். இதைக் காட்டியதற்குத்தான் ஜெர்மனியின் ஹரால்ட் ட்ஸூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகளே இந்நோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். தொற்று பெரும்பாலும் தானாகவே போய்விடும். போகாமல் தங்கினால் புற்றாக மாற 15, 20 வருடம்கூட ஆகும். அப்புறம் எப்படி ஒரு பாட்டி, வயதாகிவிட்டது, இனி என்ன என்று இருந்துவிட முடியும்? மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். இதையெல்லாம் சொல்ல வேண்டிய துண்டறிக்கை, நோயின் பெயரையே தப்பாகப் போடுகிறது. உறுப்பு எது என்று ஒரு நர்ஸைக் கேட்டிருந்தால் போதும்; மொழிபெயர்ப்பவர்கள் அதைக்கூடச் செய்வதில்லை.

இன்னொன்று, 'கருப்பைவாய்ப் புற்றுநோய்' என்று சேர்த்து, ப் போட்டு எழுதுங்கள். அந்த முகாமின் பேனரில் 'கருப்பை' ஒரு வரியிலும் 'வாய் புற்றுநோய்' அடுத்த வரியிலும் இருந்தது. அதைப் படித்த ஓர் அம்மா என்னிடம், "நான் வெத்தலை பொகையிலைகூடப் போட்டதில்லையே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.