பெரிய ஸ்டெப்பர் மோட்டார் ஏன் வேகத்தில் பின்தங்குகிறது?

கைப்பிடியால் சுழற்றிய மில்லிங் இயந்திரத்தை வீட்டிலேயே சிஎன்சியாக, அதாவது கணினி இயக்கும் இயந்திரமாக, மாற்றியவர்களுக்கு, மேசை வேகமாக நகரும்போது மோட்டார் திடீரெனச் சிணுங்கி நின்றுவிடுவது பழகிய தொல்லைதான். மின் துடிப்புகளுக்கேற்பச் சிறு சிறு ஸ்டெப்புகளாகத் திரும்பும் சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் தன் நிலையைத் திருப்பிச் சொல்வதில்லை என்பதால், அது நின்றது தெரியாமலே கட்டுப்பாட்டு மென்பொருள் துடிப்புகளை எண்ணிக்கொண்டு போக, அடுத்த வெட்டு இடம் மாறி விழுகிறது. உடனே பட்டியலைப் புரட்டி, முறுக்குவிசை அதிகமுள்ள மோட்டாரை வாங்கிப் பொருத்துகிறோம். அது பழையதைவிடக் குறைந்த வேகத்திலேயே திணறுவதும் உண்டு.

பட்டியலில் இருப்பது, சுருள்களில் முழு மின்னோட்டம் பாய்ந்தபடி மோட்டார் அசையாமல் நிற்கும்போது அளந்த பிடிப்பு முறுக்குவிசை. சுழலும்போது கதை வேறு. ஒரு ஸ்டெப்புக்கு 1.8 பாகை திரும்பும் மோட்டாரில், ஒரு சுற்றுக்குள் ஒவ்வொரு சுருளின் மின்னோட்டமும் 50 முறை முன்னும் பின்னுமாகத் திசைமாறி வரவேண்டும். அந்த மாற்றத்தைச் சுருளின் மின்தூண்டல் (மில்லிஹென்றியில் அளப்பது) எதிர்க்கிறது.

மேசையைத் தள்ளும் திருகான பால் ஸ்க்ரூவின் லீட், அதாவது ஒரு சுற்றில் அது நகர்த்தும் தூரம், 5 மி.மீ. என்று வைப்போம். அதில் மேசை நிமிடத்துக்கு 1500 மி.மீ. நகர, மோட்டார் 300 ஆர்பிஎம் சுற்றவேண்டும். அப்போது ஒவ்வொரு திசைக்கும் சுருளுக்குக் கிடைப்பது 2 மில்லிசெகண்ட். 4 மில்லிஹென்றி சுருளில் 24 வோல்ட்டைக் கொண்டு மின்னோட்டத்தை மைனஸ் 4 ஆம்பியரிலிருந்து பிளஸ் 4 ஆம்பியருக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1.3 மில்லிசெகண்ட் போதும். பெரிய மோட்டாரின் சுருளில் மின்தூண்டல் 8 மில்லிஹென்றி என்றால் 2.7 மில்லிசெகண்ட் தேவை. முழு மின்னோட்டத்தை எட்டும் முன்பே திசைமாறும் நேரம் வந்துவிடும். சுழலும் ரோட்டர் சுருளில் உண்டாக்கும் எதிர் மின்னியக்கு விசையை (எதிர்த்து நிற்கும் மின்னழுத்தத்தை) இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஆகவே மோட்டாரை மாற்றுவதற்கு முன் மின்வழங்கியைப் பார்ப்பதே என் கருத்தில் சரியான வரிசை. மேற்கண்ட 8 மில்லிஹென்றி சுருளுக்கே 48 வோல்ட் கொடுத்தால் அதே மாற்றம் 1.3 மில்லிசெகண்டில் முடியும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் 3 வோல்ட் என்று இருக்க 48 வோல்ட் கொடுப்பதா என்று தயங்கவேண்டாம்: மோட்டாருக்கு மின்சாரம் தரும் மின்னணுச் சுற்றுகளான இக்கால டிரைவர்கள் மின்னோட்டம் வரம்பைத் தொட்டதும் மின்னழுத்தத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அதைக் கட்டுக்குள் வைக்கின்றன. மில்லிஹென்றி எண்ணின் வர்க்கமூலத்தை 32ஆல் பெருக்கி வரும் வோல்ட்டை உச்சவரம்பாகக் கொள்வது வழக்கம். அந்த வரம்பு டிரைவர் தாங்கும் அளவையும் மீறக்கூடாது. எட்டு கம்பி மோட்டாரில் சுருள்களைத் தொடரிணைப்பிலிருந்து பக்க இணைப்புக்கு மாற்றினால் மின்தூண்டல் நான்கில் ஒரு பங்காகிறது. மின்னோட்டம் இருமடங்கு தேவைப்படும்.

உண்மையில் எவ்வளவு விசை வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். 2 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை, 90 சதவீதத் திறனுள்ள அதே பால் ஸ்க்ரூவில் ஏறத்தாழ 2,200 நியூட்டன் தள்ளுவிசையாகிறது. சிறிய இயந்திரத்துக்கு இதுவே தாராளம். பழைய சரிவக மரை ஸ்க்ரூவோ உராய்விலேயே பாதிக்கு மேல் தின்றுவிடும். நேமா என்ற முக அளவுத் தரத்தில் 57 மி.மீ. முகமுள்ள நேமா 23 மோட்டாரை விட்டு 86 மி.மீ. நேமா 34க்குத் தாவினால், கனத்த ரோட்டரை முடுக்கவே விசையில் ஒரு பகுதி செலவாகும்.

எதை மாற்றினாலும், மேசையைப் பலமுறை வேகமாக ஓட்டித் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து, சிறு நகர்வையும் முள்ளால் காட்டும் டயல் கேஜில் பாருங்கள். தவறும் மோட்டார் நான்கு ஸ்டெப்புகளின் மடங்குகளில்தான் தவறும். இந்த ஸ்க்ரூவில் அது 0.1 மி.மீ.; பிழை 0.1, 0.2 என்று வந்தால் மோட்டார் பக்கம் பாருங்கள், 0.03 அல்லது 0.07 என்று வந்தால் மோட்டாரை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங்கையும் ஸ்க்ரூ நட்டையும் சோதியுங்கள்.