கைக்குழந்தையோடு போகும்போது மஞ்சள் லைட் எரிந்தால்

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வழக்கமாக என் பட்டறையில் காரை சர்வீஸுக்கு விடும் தம்பி ஒருவர் போன் செய்தார். திருச்சியில் மாமனார் வீட்டிலிருந்து மனைவியையும் மூன்று மாதக் குழந்தையையும் மதுரைக்கு அழைத்து வந்துகொண்டிருந்தார். துவரங்குறிச்சி தாண்டியதும் மீட்டரில் இன்ஜின் படம் மஞ்சளாக எரிந்திருக்கிறது.

"அண்ணே, இன்னும் அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். அப்படியே ஓட்டி வந்துரவா?"

"லைட் நின்னு எரியுதா, மினுக்குதா?"

"மினுக்குதுண்ணே. வண்டியும் வெட்டி வெட்டி இழுக்குது."

"அப்ப ஓரங்கட்டுங்க தம்பி. இதுக்கு மேல ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம்."

மதுரையில் இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். கைக்குழந்தையோடு காரில் போகும் எல்லோருக்கும் இந்த ஒரு வித்தியாசமாவது தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

லைட் மினுக்கினால் பெரும்பாலும் மிஸ்ஃபயர். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது. அதன் உள்ளே தேன்கூடு மாதிரி சின்னச் சின்னத் துளைகளோடு பீங்கான் கட்டி ஒன்று இருக்கும். சூடு அளவுக்கு மீறினால் அது உருகிவிடும். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலோ (coil) பிளக்கோ ஒன்றை மாற்றிச் சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை, கன்வெர்ட்டர் போனால் பல மடங்கு ஆகிவிடும். பணத்தை விடுங்கள், வண்டிக்கு அடியில் அந்தச் சூடு இருப்பதே ஆபத்து. ரோட்டில் கதிர் அடிக்கப் போட்ட வைக்கோல் அடியில் சிக்கித் தீப்பிடித்த வண்டிகள் உண்டு. ஓரங்கட்டும்போது காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள்.

மினுக்காமல் நின்று எரிந்தால் பதற வேண்டாம். வண்டி எப்போதும்போல ஓடுகிறது, வேறு லைட் எதுவும் இல்லை என்றால் நிதானமாக வீட்டுக்கு வந்துவிடலாம். ஓரிரு நாளில் பட்டறையில் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். ஆக்சிஜன் சென்சார், தெர்மோஸ்டாட், எங்கோ ஒரு வயர் என்று எதுவாகவும் இருக்கலாம். பெட்ரோல் மூடியை இறுக்கினால் போதும் என்று இணையத்தில் நிறையப் பேர் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை நம் வண்டிகளில் அது அபூர்வம். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி லைட்டை அணைக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். லைட்தான் அணையும், கோளாறு அப்படியே இருக்கும். வண்டியில் பதிவாகியிருந்த கோளாறு எண்ணும் (கோட்) அழிந்து, எங்களுக்குத் தேடுகிற வேலை இரண்டு மடங்காகும்.

சிவப்பில் எரிவது வேறு விஷயம். ஆயில் கேன் படம் சிவப்பாக எரிந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும். டெம்பரேச்சர் சிவப்புக்கும் அதேதான். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. இன்ஜின் ரொம்பச் சூடானால் பல வண்டிகளில் ஏசி கம்ப்ரஸர் தானாக நின்றுவிடும். ஏசி காற்று திடீரென்று சூடாக வரும், குழந்தை அழும், நாமும் ஃபேனைக் கூட்டிக்கொண்டே ஓட்டுவோம். அந்த நேரத்தில் டெம்பரேச்சர் மீட்டரை ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

அந்தத் தம்பியின் வண்டி ரெக்கவரி வண்டியில் பட்டறைக்கு வந்தது. இன்ஜின் கவரைத் தூக்கினேன். தேங்காய் நார், பஞ்சு, பிஸ்கட் கவர் துண்டு எல்லாம் சேர்த்து எலி கூடு கட்டியிருந்தது. இரண்டாவது சிலிண்டரின் காயில் வயர் பாதி கடிபட்டு, செம்பு இழை நாலைந்து மட்டும் தொங்கியது. ஸ்கேனரிலும் பி0302, இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர் என்றே காட்டியது. மனைவி தாய் வீட்டுக்குப் போன பிறகு அவர் பைக்கில்தான் ஆபீஸ் போய்வந்தாராம். கார் இரண்டு மாதத்துக்கு மேல் போர்ட்டிகோவிலேயே நின்றிருக்கிறது.

குழந்தை பிறந்த வீடுகளில் இது வாடிக்கை. கார் வாரக்கணக்கில் நிற்கும். எடுத்தாலும் ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் என்று தடுப்பூசிக்கு இரண்டு கிலோமீட்டர் போய் வரும். பேட்டரி ஏறாது, எலி ஏறும். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டியாக இருந்தால் இன்னொரு தொல்லை. புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். டவுனுக்குள்ளேயே சுற்றினால் கரி அடைத்து லைட் வந்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டி வாருங்கள்.

சரி, ஹைவேயில் நின்றுவிட்டால்? ஹசார்டு லைட்டைப் போட்டு, இடது பக்கக் கதவு வழியாகக் குழந்தையையும் அம்மாவையும் இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நிழலில் உட்கார வையுங்கள். வண்டிக்குப் பின்னால் தள்ளி முக்கோண ரிஃப்ளெக்டரை வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. "நீ உள்ளேயே இரு, நான் பார்க்கிறேன்" என்று வெயிலில் ஏசி இல்லாத காருக்குள் குழந்தையை விட்டுவைக்காதீர்கள். மூடிய கார் பத்தே நிமிடத்தில் தாங்க முடியாத அளவுக்குச் சூடேறும். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு மிக வேகமாகச் சூடாகும்.

நான் பயப்படுகிற விஷயம் இன்னொன்று இருக்கிறது. குழந்தை காரில் தூங்கிவிட்டது, எழுப்ப வேண்டாம் என்று, மூடிய பார்க்கிங்கில் இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் படுக்க வைக்கிறார்கள். எக்ஸாஸ்ட்டில் ஓட்டை இருந்தாலோ இடம் அடைசலாக இருந்தாலோ கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூச்சு வேகமாக விடும் குழந்தையை அது முதலில் பாதிக்கும். தூங்கினாலும் பரவாயில்லை, தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

வண்டியை எடுக்க அந்தத் தம்பியோடு அவர் மனைவியும் வந்திருந்தார். "எனக்கும் சொல்லிக் கொடுங்கண்ணே" என்றார். டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்யச் சொன்னேன். அப்போது இன்ஜின் லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அவர் ஒவ்வொரு லைட்டும் என்னவென்று கேட்டு, மீட்டரைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். பின் சீட்டில் குழந்தை அப்பாவின் விரலைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.