முழங்கால் வலிக்கிறதா? ஷூவைத் திருப்பிப் பாருங்கள்

பிரெவே எனப்படும், நேரக்கெடுவுக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களின் பருவம் தொடங்கினால் போதும், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் பிசியோதெரபி அறைக்கு வருபவர்கள் கூடிவிடுகிறார்கள். அண்மையில் வந்தவர் 300 கிலோமீட்டரில் பாதி வழியிலேயே விலகியவர். ஸ்கேன் படங்கள் கையில் இருந்தன; ஷூ இல்லை. எடுத்துவரச் சொன்னேன். அடியில், ஷூவைப் பெடலோடு பூட்டும் சிவப்பு கிளீட்டுகள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேர்நேராக முடுக்கப்பட்டிருந்தன. அவரைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்துக் கால்களைத் தொங்கவிடச் சொன்னேன். வலது பாதம் நன்றாகவே வெளிப்பக்கம் திரும்பி நின்றது. அந்தப் பாதத்தைத்தான் மணிக்கணக்கில் நேராகப் பூட்டிவைத்து மிதித்திருக்கிறார்.

பாதம் நேராக இருந்தே தீரவேண்டும் என்று யார்தான் சொல்லிக்கொடுக்கிறார்களோ! இடுப்பு மூட்டின் அமைப்பும் கீழ்க்கால் எலும்பின் முறுக்கும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கே வலதும் இடதும் மாறும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 4,800. பத்து மணி நேரத்தில் 48,000 முறை. பாதம் பெடலில் பூட்டியிருக்கிறது, இடுப்பு சீட்டில் அமர்ந்திருக்கிறது. முறுக்கு முழுவதையும் நடுவில் மாட்டிக்கொண்ட முழங்கால்தான் வாங்குகிறது. பந்தய வீரர்கள் அப்படித்தான் பூட்டுகிறார்கள் என்பார்கள். அவர்களுக்கு அளவெடுத்துப் பொருத்திவிட ஆள் உண்டு, உங்களுக்கு உண்டா?

பூட்டிய பிறகும் குதிகால் இடவலமாக அசைய இடம் கொடுப்பதுதான் ஃப்ளோட். ஷிமானோ நிறுவனத்தின் மூன்று போல்ட் எஸ்பிடி-எஸ்எல் கிளீட்டில் சிவப்புக்கு 0 டிகிரி, நீலத்துக்கு 2, மஞ்சளுக்கு 6. லுக் நிறுவனத்தின் கியோ கிளீட்டில் கறுப்புக்கு 0, சாம்பலுக்கு 4.5, சிவப்புக்கு 9. ஒரு நிறுவனத்தின் சிவப்பு அசையவே விடாது, இன்னொன்றின் சிவப்பு அதிகமாக அசையவிடும். ஆகவே கடையில் நிறத்தை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். நெடுந்தூரத்துக்கு ஷிமானோவின் மஞ்சளிலிருந்து தொடங்குங்கள்.

என்னைக் கேட்டால், பிரெவே ஓட்டுபவருக்கு ஷிமானோவின் இரண்டு போல்ட் வகையான எஸ்பிடியே போதும். உலோகக் கிளீட் ஷூவின் அடிப்பகுதிக்குள் அடங்கியிருக்கும். டீக்கடைக்கும், வழியிலுள்ள கட்டுப்பாட்டு மையத்தில் வருகை முத்திரை வாங்கவும், பெட்ரோல் பங்க் கழிப்பறைக்கும் வழுக்காமல் நடக்கலாம். மூன்று போல்ட் பிளாஸ்டிக் கிளீட்டோடு ஈரமான டைல்ஸ் தரையில் நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. புதியவர்கள் எஸ்பிடியில் எஸ்எச்-56 கிளீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது எஸ்எச்-51 போலன்றிப் பல திசைகளிலும் கழன்றுகொடுக்கும்.

உள்ளங்கால் எரிகிறதா? முதலில் ஷூ பட்டையைத் தளர்த்துங்கள். நம் வெயிலில் பிற்பகலுக்குள் பாதம் வீங்கிவிடும். அதனால்தான் மாலையில் போய் ஷூ வாங்கச் சொல்கிறேன். பிறகும் எரிந்தால் கிளீட்டைச் சில மில்லிமீட்டர் குதிகால் பக்கம் தள்ளுங்கள். கெண்டைக்காலுக்கும் அது இதம். மாற்றுவதற்கு முன் பழைய இடத்தை மார்க்கரால் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். பிரெவேக்கு முந்தைய வாரம் எதையும் தொடவே தொடாதீர்கள். எல்லா வலிக்கும் கிளீட்டையே குறை சொல்லவும் வேண்டாம்: முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் உயரத்தைப் பாருங்கள், உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் கிளீட்டின் கோணத்தைப் பாருங்கள்.

பெடலின் பிடிப்புத் திருகைத் தளர்த்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிக் கழற்றிப் பழகிய பிறகே சாலைக்கு வாருங்கள். சிக்னலில் கால் கழலாமல் சாய்பவர்கள் கையைத்தான் ஊன்றுகிறார்கள். விழுந்தபின் கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டு வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். அங்குள்ள சிறு எலும்பின் முறிவு முதல் படத்தில் தெரியாமல் போவதுண்டு.

இன்னொன்று, கெஞ்சியே கேட்கிறேன். வழியில் முழங்கால் வலித்தால், வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மிதிக்காதீர்கள். வியர்வையில் நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். கிளீட் போல்ட்டைத் திருக 4 மில்லிமீட்டர் ஆலன் கீ (அறுகோணச் சாவி) ஒன்று பையில் இருக்கட்டும். நிழலில் நிறுத்துங்கள், போல்ட்டைத் தளர்த்துங்கள், பாதம் தானாக நிற்கும் பக்கம் கிளீட்டைச் சற்றே திருப்பி முடுக்குங்கள். பத்து கிலோமீட்டர் மெதுவாகப் போய்ப் பார்த்தும் வலி குறையவில்லை என்றால் அன்றைக்கு விலகிவிடுங்கள்.