59 நாளில் 57 சுற்று

கடல் ஏற்றம் ஏன் தினமும் ஒரே நேரத்துக்கு வராமல் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நிலாதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் ஈர்ப்பு விசை பற்றி நியூட்டன் எழுதுவதற்கு 960 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவைத்த ஒரு துறவியைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

அவர் பெயர் பீட். இங்கிலாந்தின் வடகிழக்கில், அன்றைய நார்தம்பிரியாவில் 673 வாக்கில் பிறந்தார். ஏழு வயதில் உறவினர்கள் மடத்தில் சேர்த்துவிட்டார்கள். 735இல் இறக்கும்வரை வேர்மத், ஜாரோ என்ற இரட்டை மடம்தான் அவருக்கு வீடு. மடத்தை நிறுவிய பெனடிக்ட் பிஸ்கப் பலமுறை ரோமுக்குப் போய் மூட்டை மூட்டையாகப் புத்தகம் கொண்டுவந்தவர். அந்த நூலகம் பீடுக்கு வாய்த்தது.

ஈஸ்டரை எந்த ஞாயிறன்று கொண்டாடுவது என்பது அப்போது பெரிய சண்டை. வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டி வரும் பௌர்ணமி, அதற்கடுத்த ஞாயிறு: விதி இவ்வளவுதான். ஆனால் பௌர்ணமியைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டுமே! 19 ஆண்டுகளில் 235 பௌர்ணமிகள் என்ற பழைய சுழற்சியை வைத்து 725இல் காலக் கணிப்பு பற்றி ஒரு நூலே எழுதினார். அதில் ஓர் அத்தியாயம் கடலுக்கு.

சூரியனும் நிலாவும் ஒரே பாதையில் நடைப்பயிற்சி போகும் இருவர் என்றால், நிலா கொஞ்சம் மெதுவாக நடப்பவர். 59 நாளில் சூரியன் நம்மை 59 முறை சுற்றுவதுபோலத் தெரிகிறது. இரண்டு சந்திர மாதமான அதே காலத்தில் நிலா சுற்றுவது 57 முறைதான். ஆகவே கடல் ஏறுவது இருமடங்கு, 114 முறை என்கிறார் பீட். (ஏன் இருமடங்கு? நிலாவைப் பார்த்த பக்கமும் எதிர்ப்பக்கமும் ஒரே சமயத்தில் புடைக்கின்றன, பள்ளிப் பாடம்தான்.) பின்தங்கிய இரண்டு நாள் 2,880 நிமிடம். அதை 57ஆல் வகுத்துப் பாருங்கள்: ஐம்பதரை நிமிடம். இன்றைய அளவீடும் கிட்டத்தட்ட அதுவே.

காரணம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. நிலாவின் மூச்சு ஏதோ கடலை இழுப்பதுபோல் இருக்கிறது என்று எழுதினார். இளப்பமாகச் சிரிக்க வேண்டாம். 1632இல்கூட கலிலியோ நிலாவுக்கும் கடலுக்கும் தொடர்பே இல்லை என்று சாதித்தார். நம் உடம்பிலும் தண்ணீர் இருப்பதால் பௌர்ணமியன்று புத்தி பேதலிக்கும் என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதைவிட பீட் எவ்வளவோ மேல். ஓதத்துக்கு, அதாவது கடல் ஏறி இறங்குவதற்குக் காரணம் பூமியின் இரு பக்கங்களுக்கு இடையே, 12,700 கிலோமீட்டர் தூரத்தில், ஈர்ப்பில் வரும் வித்தியாசம். ஆறடி உடம்பில் அது எங்கே தெரியப் போகிறது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் அப்புறம்தான் வருகிறது. ஒரே கரையில் தனக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் கடல் முன்னதாக ஏறுகிறது, தெற்கே இருப்பவர்களுக்குப் பிந்தி ஏறுகிறது என்கிறார் பீட். ஒவ்வோர் இடத்திலும் நிலாவுக்கும் ஏற்றத்துக்கும் இடையிலான உறவு மாறாமல் இருக்கிறதாம். மடத்தில் உட்கார்ந்து ஏட்டைப் புரட்டினால் இது கிடைக்காது. வடக்கிலும் தெற்கிலுமாகக் கரையோரத்தில் வாழ்ந்தவர்கள் சொன்னதைச் சேர்த்து வைத்தால்தான் கிடைக்கும். ஜாரோ மடமே டைன் ஆற்றின் சேற்றுத் திட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வடக்கே லிண்டிஸ்பார்ன் தினமும் இருமுறை தீவாகி, இருமுறை கரையோடு சேர்வதையும் அவர் வேறொரு நூலில் குறித்திருக்கிறார். அவர் சொன்னது உண்மை: அட்லாண்டிக்கிலிருந்து ஸ்காட்லாந்தின் தலையைச் சுற்றி வரும் ஓத அலை, வலப்பக்கம் கரையை உரசியபடி தெற்கே இறங்குகிறது. பூமியின் சுழற்சிதான் அதைக் கரையோடு ஒட்டவைக்கிறது.

நிலா உச்சிக்கு வந்தபின் இத்தனை மணி நேரத்தில் ஏற்றம் என்று துறைமுகத்துக்குத் துறைமுகம் ஒரு எண் வைத்துக்கொள்ளும் வழக்கம் பிறகு வந்தது. 13ஆம் நூற்றாண்டில் செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரின் மடத்து ஏடொன்றில் லண்டன் பாலத்துக்கான ஓத அட்டவணை இருக்கிறது. அதில் ஏற்றம் நாளுக்கு 48 நிமிடம் தள்ளிப் போகிறது. ஒரு நாளை முப்பதாக வகுத்தால் வரும் தொகை அது. பீடின் 57 சுற்றிலிருந்து கிடைப்பதே நிஜத்துக்கு இன்னும் நெருக்கம்.