வெண்பன்றி இனப்பெருக்கப் பண்ணைக்கு 50% மானியம்: செட்டிநாட்டில் விண்ணப்பிக்கும் முன் தெரிய வேண்டியவை

பன்றிப் பண்ணை வைத்தால் அரசு 30 லட்சம் ரூபாய் தருகிறது என்று காரைக்குடி, கல்லல், தேவகோட்டைப் பக்கம் ஒரு பேச்சு உலவுகிறது. தொகை சரிதான். ஆனால் அந்தப் பணம் பன்றி வளர்ப்பதற்கானது அல்ல, பன்றி இனத்தைப் பெருக்குவதற்கானது. குட்டி வாங்கிக் கொழுக்க வைத்து இறைச்சிக்கு விற்கும் பண்ணைக்கு இந்தத் திட்டத்தில் இடம் இல்லை.

திட்டத்தின் பெயர் தேசிய கால்நடை இயக்கம். அதன் தொழில்முனைவோர் பிரிவில் பன்றிக்கு இரண்டு அளவுகள் உண்டு. 50 தாய்ப்பன்றியும் 5 ஆண் பன்றியும் கொண்ட பண்ணைக்கு மானியம் 15 லட்சம் வரை. 100 தாய்ப்பன்றியும் 10 ஆணும் என்றால் 30 லட்சம் வரை. இரண்டுமே மூலதனச் செலவில் 50%தான். அதாவது 15 லட்சம் வேண்டுமானால் 30 லட்சத்துக்கான திட்டம் உங்களிடம் இருக்க வேண்டும். மறுபாதிக்கு வங்கிக் கடனையோ சொந்தப் பணத்தையோ காட்ட வேண்டும். கொட்டகை, தாய் விலங்குகள், அவற்றை ஏற்றிவரும் செலவு, கருவிகள், காப்பீடு ஆகியவை கணக்கில் சேரும். நிலம் வாங்கும் செலவு, வாடகை, சொந்த வாகனம், அன்றாடத் தீவனச் செலவு ஆகியவை சேராது. தனிநபர், சுய உதவிக் குழு, கூட்டுப் பொறுப்புக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என யாரும் விண்ணப்பிக்கலாம்.

10 தாய்க்கு ஓர் ஆண் என்ற கணக்கைப் பலர் வெறும் எண்ணாகவே படிக்கிறார்கள். திட்டத்தின் உயிர் அந்த எண்ணில்தான் இருக்கிறது. ஒரு தாய்ப்பன்றி மோசமாக அமைந்தால் அதன் குட்டிகள் மட்டும் கெடும். ஓர் ஆண் மோசமாக அமைந்தால் 10 தாய்களின் குட்டிகளும் கெடும். ஆனாலும் விலை பேசும்போது தாய்ப்பன்றியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பவர்கள், ஆண் பன்றியை ஒரே பண்ணையில், பெரும்பாலும் ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தம்பிகளாகவே ஏற்றி வந்துவிடுகிறார்கள். விலையும் அப்போதுதான் குறைகிறது!

இதன் விளைவைக் காண ஓராண்டு போதும். பன்றியின் சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். பிறந்த பெண் குட்டி ஏறக்குறைய 8 மாதத்தில் இனச்சேர்க்கைக்கு வரும். இரண்டையும் கூட்டினால் 12 மாதம். நீங்கள் வாங்கிய ஆண் பன்றியின் மகளே அடுத்த ஆண்டு அதே கொட்டகையில் பருவத்துக்கு வந்து நிற்கும். ஏட்டில் குறிப்பு இல்லாவிட்டால் அப்பனோடு மகளைச் சேர்த்துவிடுவீர்கள். அந்தச் சேர்க்கையில் பிறக்கும் குட்டியின் உள்ளினப்பெருக்க அளவு, அதாவது நெருங்கிய உறவுக்குள் சேர்ந்ததால் வரும் மரபுக் குறையின் அளவு, 25%. குட்டி எண்ணிக்கை குறையும், நோஞ்சான் குட்டிகள் கூடும், பால் மறக்கும் முன்பே சாவு வரும். பழி தீவனத்தின் மேலும் தண்ணீரின் மேலும் விழும்.

ஆகவே 5 ஆண் வாங்கினால் ஒன்றுக்கொன்று உறவில்லாதவையாக, குறைந்தது இரண்டு மூன்று பண்ணைகளிலிருந்து வாங்குங்கள். ஒவ்வொரு குட்டிக்கும் காதில் வெட்டுக்குறியோ எண் தோடோ போட்டு, தாய், தந்தை, பிறந்த தேதி, ஈற்றில் எத்தனை, பால் மறக்கும்போது எத்தனை என்று ஏட்டில் எழுதுங்கள். முதல் ஆணின் மகள்களை இரண்டாம் ஆணுக்கும், இரண்டாவதின் மகள்களை மூன்றாவதற்கும் என்று சுற்றி விடலாம். ஒன்றரை, இரண்டு ஆண்டில் ஆண்களை வேறு பண்ணையோடு மாற்றிக்கொள்ளலாம்.

எந்தப் பெண் குட்டியைத் தாயாக நிறுத்துவது? 'அதன் தாய் ஒரே ஈற்றில் 12 போட்டது' என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. குட்டி எண்ணிக்கையில் மரபுவழி வருவது ஏறக்குறைய 10%தான். மிச்சமெல்லாம் தீவனமும் வெயிலும் அந்தச் சமயத்துப் பராமரிப்பும். உங்கள் பண்ணையின் சராசரி 8 என்று வைத்துக்கொள்வோம். 12 ஈன்ற தாயிடம் கூடுதல் 4 குட்டி. அதில் மரபுவழி வந்தது 10%, அதிலும் பாதிதான் மகளுக்குப் போகும். ஆகவே மகளிடம் எதிர்பார்க்கக்கூடிய கூடுதல் ஒரு குட்டியில் ஐந்தில் ஒரு பங்குதான். அதே தாய் நான்கு ஈற்றிலும் 12 ஈன்றிருந்தால் எதிர்பார்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் உயரும். நான்கு ஈற்றுக் கணக்கை யார் மனத்தில் வைத்திருக்க முடியும்? அதனால்தான் ஏடு. வளர்ச்சி வேகம் அப்படியல்ல, ஏறக்குறைய 30% மரபுவழி வரும். முதுகுக் கொழுப்பின் அளவு அதைவிடவும் கூடுதல். தராசு வைத்து எடை பார்த்துத் தேர்ந்தாலே சில தலைமுறையில் பலன் தெரியும். டென்மார்க்கில் 1907-லேயே சோதனை நிலையம் வைத்து, குட்டிகளின் வளர்ச்சியையும் இறைச்சியையும் அளந்து பெற்றோரைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். லேண்ட்ரேஸ் இனத்தின் புகழ் அங்கிருந்து வந்ததுதான். பெண் குட்டிக்கு வேறு இரண்டு சோதனைகளும் உண்டு: ஒழுங்கான இடைவெளியில் 12 முதல் 14 நல்ல காம்புகள், வளையாத கால்கள்.

குட்டி எண்ணிக்கையைத் தேர்வால் உயர்த்துவது மெதுவான வேலை என்பதால் கலப்பினம் கைகொடுக்கும். யார்க்‌ஷயரும் லேண்ட்ரேசும் கலந்த தாய் நிறைய ஈன்று, பாலும் நன்றாகக் கொடுக்கும். அதற்கு டியூராக் ஆணைச் சேர்த்தால் பிறக்கும் குட்டி விரைவாக எடை போடும். ஆனால் அந்தக் குட்டி இறைச்சிக்கு மட்டும்தான், தாயாக விற்கக்கூடாது. புதிதாக இறங்குபவருக்கு மூன்று இனத்தை வைத்து மேய்ப்பது தலைவலி என்பது என் கருத்து. காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் யார்க்‌ஷயரையும் நாட்டுப் பன்றியையும் கலந்து உருவாக்கிய தானுவாஸ் கேபிஎம் கோல்டு வகையையும் விசாரித்துப் பாருங்கள். நம் வெயிலுக்கு நாட்டு ரத்தம் கொஞ்சம் இருப்பது நல்லதே. வெயில் அதிகமானால் ஆண் பன்றியின் விந்து கெட்டு, அதன் விளைவு மேலும் சில வாரங்கள் நீடிக்கும். சித்திரையில் சேர்த்த தாய் சினை நிற்காததற்குக் காரணம் தாயாக இல்லாமலும் இருக்கலாம். செம்மண் பொட்டலில் தகரக் கொட்டகை போடுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

இனி நிலம். சொந்த நிலம் அல்லது குத்தகை நிலம் இரண்டும் ஏற்கப்படும். ஆனால் செட்டிநாட்டில் நிலம் என்றாலே கூட்டுப் பட்டாதான். ஒரு பங்காளி சென்னையில், ஒருவர் மலேசியாவில், இன்னொருவர் இறந்து வாரிசுச் சான்றிதழ் எடுக்கப்படாமல். 'பெரியப்பா ஒப்புக்கொண்டுவிட்டார்' என்பது வங்கிக்குப் போதாது. பட்டாவில் உள்ள எல்லோரும் கையெழுத்திட்ட குத்தகைப் பத்திரம் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவரிடமிருந்து முறையான அதிகாரப் பத்திரம் வேண்டும். இந்தத் திட்டத்துக்குப் பாகப்பிரிவினை நடத்தித் தீர்க்க நினைத்தால் பன்றி வருவதற்குள் பேரன் வந்துவிடுவான். தனிப்பட்டா உள்ள நிலமாகப் பார்ப்பதே மேல். குடியிருப்பிலிருந்தும் ஊருணியிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். ஊராட்சியிடமும் முன்பே பேசிவிடுங்கள்.

விண்ணப்பம் முழுவதும் இணையவழி. உத்யமி மித்ரா தளத்தில் தேசிய கால்நடை இயக்கத்துக்கென உள்ள பக்கத்தில் பதிய வேண்டும். ஆதார், பான், நில ஆவணம், திட்ட அறிக்கை, பயிற்சி அல்லது அனுபவச் சான்று தேவை. தமிழ்நாடு கால்நடை மேம்பாட்டு முகமை பரிசீலிக்கும், வங்கி கடன் ஒப்புதல் தரும், மாநிலக் குழு பரிந்துரைக்கும், மத்திய அரசு முடிவெடுக்கும். பணம் இரண்டு சம தவணைகளாகச் சிட்பி எனப்படும் இந்தியச் சிறுதொழில் வளர்ச்சி வங்கி வழியாக வரும். முதல் தவணை வேலை தொடங்கி ஆய்வு நடந்த பிறகு, இரண்டாவது பண்ணை முடிந்து சரிபார்த்த பிறகு. மானியத்தை நம்பி ஒப்பந்தக்காரருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

தீவனத்துக்குப் புதுவயல் அரிசி ஆலைகளின் தவிடு இருக்கிறது என்பது இந்தப் பகுதிக்கு ஒரு வசதி. மண்டபத்து மிச்சச் சோறு இலவசமாகக் கிடைக்கும்தான், ஆனால் அதில் இறைச்சிக் கழிவு கலந்திருந்தால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை வீட்டுக்குள் அழைப்பதாகும். 2020-இல் வடகிழக்கு மாநிலங்களில் நுழைந்த அந்த நோய்க்கு இங்கே தடுப்பூசி இல்லை. நன்றாகக் கொதிக்க வைக்காமல் மிச்சச் சோறு கொடுக்கவே கூடாது. வெளியிலிருந்து வாங்கும் ஆண் பன்றியை ஒரு மாதம் தனியே வைத்த பிறகே கூட்டத்தில் சேருங்கள். காப்பீட்டில் உங்கள் பங்கு பிரீமியத்தில் 15% மட்டுமே, மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன.

பயிற்சிக்குக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். செட்டிநாட்டில் அரசுக் கால்நடைப் பண்ணையும் இருக்கிறது. திட்ட அறிக்கை எழுதும் முன் அங்கேயும் ஒருநாள் போய், ஏடு எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்து வாருங்கள்.