ரீவைல்டிங்: காட்டுக்குப் பழக்குதல்

2021 செப்டம்பரில் வால்பாறை முடீஸ் பக்கம் எலும்பும் தோலுமாக ஒரு புலிக்குட்டி பிடிபட்டது. பிறகு அதை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் உள்ள மந்திரிமட்டத்தில் 10,000 சதுர அடி வேலியடைப்பில் விட்டார்கள். செய்தியில் ‘வேட்டைப் பயிற்சி’ என்று வந்தது. அதிகாரிகள் சொன்னது ‘ரீவைல்டிங்’. இரண்டும் ஒன்றுதானா?

ஆங்கிலத்திலேயே ‘ரீவைல்டிங்’ இளஞ்சொல். 1990ஐ ஒட்டி அமெரிக்காவில் டேவ் ஃபோர்மன் போன்ற சூழல் போராளிகளின் வட்டத்தில் பிறந்தது. 1998இல் உயிரியலாளர்கள் மைக்கேல் சூலேயும் ரீட் நாஸும் அதற்கு அறிவியல் உருக் கொடுத்தார்கள். அவர்கள் பேசியது நிலத்தைப் பற்றி: பெரிய காப்புக்காடு, காடுகளை இணைக்கும் வழித்தடம், அங்கே உலவும் ஊனுண்ணிகள். அதே சொல்லை இன்று ஒற்றைப் புலிக்கும் சொல்கிறோம்.

குழப்பம் இங்கேதான். ‘மறுகாட்டாக்கம்’, ‘மீள்வனமாக்கல்’ என்ற தமிழாக்கங்கள் நிலத்துக்குப் பொருந்தும். புலி காடாக ஆகிவிடாதே! ‘வைல்ட்’ என்பது அங்கே குணம். நம் ‘காடு’ இடம். ‘காடேற்றம்’ என்று சொல்லிப் பார்த்தேன். குடியேற்றம், கரையேற்றம் வரிசையில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊரில் காடாத்து என்றால் சாம்பல் அள்ளும் சடங்கு. காதில் அதுதான் விழும். விட்டுவிட்டேன்.

‘மீள்’ என்ற முன்னொட்டும் எல்லா இடத்திலும் ஒட்டாது. மத்தியப் பிரதேசத்தின் கான்ஹாவில் 2005இல் தாயை இழந்த குட்டிகள் பிறந்து சில வாரமே ஆனவை. மனிதர் கையில் வளர்ந்தவற்றுக்கு மீள்வதற்கு ஏது காடு? அவற்றில், கான்ஹாவின் கோரேலா அடைப்பில் மானடித்துப் பழகிய பெண்புலிகள் இரண்டை 2011இல் அதே மாநிலத்துப் பன்னா காப்பகத்தில் விட்டார்கள், மார்ச்சில் ஒன்று, நவம்பரில் இன்னொன்று. 2009இல் ஒரு புலிகூட இல்லாமல் போயிருந்த காடு அது. இரண்டும் பின்னர் குட்டி போட்டன.

‘வேட்டைப் பயிற்சி’ தவறில்லை, ஆனால் பாதிதான். ஓடுவதைத் துரத்தப் புலிக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். வீட்டுப் பூனைக்குட்டி நூல்கண்டை விரட்டுவதில்லையா? பாய்ந்த பிறகு குரல்வளையைக் கவ்வி, இரை அடங்கும்வரை விடாமல் பிடிப்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். அதனால்தான் விடுவிக்குமுன் குறைந்தது 50 இரையை அடித்திருக்க வேண்டும் என்கிறது தேசியப் புலிகள் காப்பக ஆணையத்தின் வழிகாட்டி. மந்திரிமட்டத்துப் புலிக்குக் கோரைப்பல் உடைந்ததை எல்லாரும் பெரிதாகப் பேசியதும் இதனால்தான். பிடியே அந்தப் பல்லில் இருக்கிறது.

மறுபாதி, மனித வாடையை உணவோடு சேர்த்து நினைக்க விடாமல் வளர்ப்பது. ருஷ்யத் தூரக்கிழக்கில் 2012 பிப்ரவரியில் பனியில் கிடைத்த பெண் புலிக்குட்டி ஜோலுஷ்கா. உறைபனியில் வால்நுனி போய்விட்டது. அலெக்சேயெவ்கா மையத்தில் ஆள் முகம் காட்டாமலே இரை உள்ளே போனது. கவனிப்பெல்லாம் கேமரா வழியாக. முதலில் முயல், பிறகு காட்டுப்பன்றி, புள்ளிமான் வகை. 2013 மே மாதம் பஸ்தாக் காப்பகத்தில் திறந்துவிட்டார்கள். 2015இல் அது இரண்டு குட்டிகளோடு தென்பட்டது.

யானையைப் ‘பழக்குகிறார்கள்’ என்றால் மனிதருக்குப் பழக்குவது என்று நமக்குத் தெரியும். அதே வினையை எதிர்த்திசைக்குத் திருப்பினால் போதும்: காட்டுக்குப் பழக்குதல். காட்டுக்குப் பழக்கிய புலி, காட்டுக்குப் பழகாத புலி என்று இரண்டு பக்கமும் வளையும். ‘மயமாக்கல்’ எதுவும் தேவையில்லை. வேட்டைத் தடுப்புக் காவலர்கூட இதை அப்படியே பேசிவிடுவார். நிலத்துக்கு மறுகாட்டாக்கம் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் நான்கின் இளமைக்கும் ‘குருளை’ என்று பெயர் சொல்கிறது. குட்டி என்றாலும் பிழையில்லை என்று அதுவே இடம் கொடுக்கிறது. ஆகவே மேலே நான் குட்டி என்று எழுதியதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.