அசெஸ்மென்ட்: மதிப்பெண் வேறு, மதிப்பீடு வேறு

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் கல்லூரி) ஆசிரியர்கள் நாலு பேர் கூடினால் 'எஸ்.எல்.ஓ.' என்ற பேச்சு வந்துவிடும். 'ஸ்டூடன்ட் லேர்னிங் அவுட்கம்' என்பதன் சுருக்கம் அது. பாடத்தை முடிக்கும் மாணவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் வாக்கியம். 'புள்ளியியலைப் புரிந்துகொள்வார்' என்று எழுதினால் செல்லாது. புரிந்ததா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. 'தரவுக்குப் பொருத்தமான புள்ளியியல் சோதனையைத் தேர்ந்து, கிடைத்த முடிவை எளிய நடையில் விளக்குவார்' என்றால் சரி. மாணவர்கள் அதைச் செய்கிறார்களா என்று பார்ப்பதுதான் அசெஸ்மென்ட்.

பரீட்சையும் மதிப்பெண்ணும் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கத் தோன்றும். மதிப்பெண் ஒரு மாணவரைப் பற்றிச் சொல்வது. வருகை, வீட்டுப்பாடம், தாமதம் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். எஸ்.எல்.ஓ. மதிப்பீடு பாடத்தைப் பற்றிச் சொல்வது. ஒரே புள்ளியியல் பாடத்தைப் பல ஆசிரியர்கள் நடத்துகிறார்கள் என்று வையுங்கள். எல்லா வகுப்புக்கும் பொதுவாக ஒரு கேள்வி கொடுத்து, விடைகளை ஒரே அளவுகோலால் பார்க்கிறார்கள். கணக்கைச் சரியாகப் போட்ட பலரும் விளக்கத்தில் சறுக்கியிருக்கிறார்கள். அப்படியானால் மாணவரைக் கடிந்து பயனில்லை, பாடத்தில்தான் ஓட்டை. அடுத்த பருவத்தில் விளக்கம் எழுதும் பயிற்சியைக் கூட்டி, மறுபடி அளக்க வேண்டும். பல இடங்களில் முதல் அளவையோடு அறிக்கை எழுதிக் கோப்பில் போட்டுவிடுகிறார்கள். மறுபடி அளப்பது நடப்பதில்லை. வெறும் காகித வேலை என்று ஆசிரியர்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் உண்டு.

'அசெஸ்மென்ட்' என்ற சொல்லின் வேர் லத்தீன். 'அசிடேரே' என்றால் அருகில் உட்கார்தல். இதைப் பிடித்துக்கொண்டு, 'மாணவரின் பக்கத்தில் அமர்வதே அசெஸ்மென்ட்' என்று ஆசிரியர் பயிற்சிகளில் உருக்கமாகச் சொல்வார்கள். கேட்க இனிமைதான், ஆனால் பாதிதான் உண்மை. ரோமில் அப்படி உட்கார்ந்தவர் நீதிபதிக்குச் சட்ட ஆலோசனை சொன்ன துணையாள். பிறகு அந்தச் சொல் வரித்தொகையை நிர்ணயிப்பதற்குப் போனது. ஆங்கிலத்துக்குள் நுழைந்ததும் வரிச் சொல்லாகத்தான். கல்விக்கு அது வந்தது வெகு பிந்தி.

தமிழின் 'மதிப்பீடு' வரி, கல்வி என்ற இந்த இரண்டு வேலைக்கும் ஏற்கெனவே பழகிய சொல். வருமான வரியில் 'மதிப்பீட்டு ஆண்டு' என்று சொல்லிப் பழகியிருக்கிறோமே. மதிப்பு + ஈடு. 'இடு' என்ற வினையின் முதலெழுத்து நீண்டு 'ஈடு' ஆகிறது. கெடு கேடு ஆனது போல. இலக்கணத்தில் இதற்கு முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பெயர். குறியீடு, ஒப்பீடு எல்லாம் இதே வார்ப்பு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்ற பிரிவும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. பாடம் நடக்கும்போதே பார்ப்பது முன்னது, முடிந்தபின் பார்ப்பது பின்னது. இலங்கை ஆசிரியர் வழிகாட்டிகள் இன்னும் நுணுக்கம்: அசெஸ்மென்ட்டுக்குக் 'கணிப்பீடு', கிடைத்ததை வைத்துத் தரத்தைத் தீர்மானிக்கும் இவாலுவேஷனுக்கு 'மதிப்பீடு'. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய கட்டுரையில் இந்த வழக்கை எடுத்துக்கொள்ளலாம். மற்ற இடங்களில் மதிப்பீடே போதும்.

'அவுட்கம்' என்பதைத் தமிழில் சொல்வது கொஞ்சம் சிக்கல். இந்தியாவில் 'கற்றல் விளைவு' பரவலாக இருக்கிறது. பொருளில் குறையில்லை, பயிர் விளைவதும் விளைவுதான். ஆனால் இன்றைய காதுக்குப் பக்கவிளைவு, பின்விளைவு என்று கெட்ட நெடி அடிக்கிறது. இலங்கையில் புழங்கும் 'கற்றற்பேறு' எனக்குப் பிடித்தது. பெறு என்பது நீண்டு பேறு. மாணவர் பெற்றுக்கொண்டு போவது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது.

1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் சமுதாயக் கல்லூரி தொடங்கியபோது இந்த எஸ்.எல்.ஓ. பேச்செல்லாம் இல்லை. பிற்பாடு அங்கீகாரம் வழங்கும் அமைப்புகள் கேட்கத் தொடங்கியபின்தான் சூடு பிடித்தது. கலிஃபோர்னியாவில் 2002இல் வந்த அங்கீகாரத் தரவிதிகள் இதை அழுத்தமாகவே வலியுறுத்தின. அங்கீகாரம் போனால் மாணவர்களுக்கு மத்திய அரசின் நிதியுதவியும் போகும் என்பதால் எந்தக் கல்லூரியும் இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

மொழிபெயர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்கள் என்ற கணக்குகளையும் 'ஸ்டூடன்ட் அவுட்கம்' என்பார்கள். அதில் 'லேர்னிங்' இல்லை. அதற்குக் கற்றற்பேறு என்று போட்டுவிடக் கூடாது; நிறைவு விகிதம், மாற்ற விகிதம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம். அப்புறம், சேர்த்து எழுதும்போது 'கற்றற்பேற்று மதிப்பீடு' என்று றகரம் இரட்டிக்கும்.